தொழுவத்துக்குப் பின்னால் கூவியது

— அந்த இலையைக் கீழ போடு, கோரோ.

— எந்த இலை?

— உதட்டுல ஒட்டிக்கிட்டிருக்கே, அந்த எலுமிச்சை இலை.

— இதுவா? பல்லு கூசுச்சு. மென்னா நல்லதுன்னு…

— நீ மெல்லல. ஊதின. பன்னிக்குக் கழுநீர் தூக்கிக்கிட்டு வந்து உன் முதுகுக்குப் பின்னாடிதான் நிக்கிறேன். கன்னத்தை உப்பிக்கிட்டு ஊதின. நீலத்தலையன் குருவி கூவுச்சு.

— என்னது? இந்தப் பக்கக் காதுல சொல்லு.

— நீலத்தலையன் கூவுச்சுன்னேன்! உன் வாயிலேருந்து!

— கத்தாதே லோலே. குருவி பிடிக்க வந்த வலைக்காரங்க பள்ளத்துலதான் இருக்காங்க. காதுல விழுந்துடும்.

— விழட்டும். தவக்காலத்துல ஆரம்பிச்சுது இந்தக் கூவல். ஊரே கறியை விட்டுச்சு, நீ உண்மையை விட்டுட்டியா?

— கேளேன். நான் சொல்றதைக் கொஞ்சம் கேளேன்.

— சொல்லு. பன்னி கத்துது, சுருக்கச் சொல்லு.

— முதல் நாள் விளையாட்டுக்குத்தான். மாதா சாட்சி. குருவி ஆராய்ச்சிக்கு வந்த அந்த எல்லன் பொண்ணும் கூட வந்த பசங்களும் நம்ம வாசல் கேட்டுகிட்ட நிக்கிறாங்க. எப்படி நிக்கிறாங்க தெரியுமா? வெளிச்சம் பட்ட நண்டு மாதிரி. ஆட்டமில்ல அசைவில்ல, மூச்சுகூட விடல. அமெரிக்காவுலேருந்து கடல் தாண்டி வந்து, கேக்காத குருவிக்குக் காது கொடுத்துக்கிட்டு நிக்கிறாங்களேன்னு எனக்குச் சிரிப்பு தாங்கல. எலுமிச்சை கை எட்டற தூரத்துல. ஒண்ணைக் கிள்ளினேன். ஊதினேன்.

— சரி, அப்புறம்?

— ஒரு பையன் கையிலேருந்த தண்ணிக் குப்பி கீழ விழுந்துச்சு. தண்ணி கொட்டுது, குனிஞ்சு எடுக்கல அவன். 'ஏமாந்தீங்களா'ன்னு கேட்டுக்கிட்டு வெளிய வரணும்னுதான் வந்தேன். சிரிச்சுக்கிட்டேதான் வந்தேன். வந்து பாத்தா அந்தப் பொண்ணு அழுவுது.

— அழுதாளா?

— மூக்கு ஒழுக அழுவுது. என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு 'கேட்டீங்களா, கேட்டீங்களா'ங்குது. நான் என்ன சொல்ல? 'கேட்டேன்'னேன். நான் சிரிச்சுக்கிட்டு வந்ததைப் பாத்துட்டு, எனக்கும் சந்தோஷம் தாங்கலன்னு நெனச்சுக்கிச்சு, லோலே. கட்டிப் பிடிச்சுக்கிச்சு.

— எனக்குச் சிரிப்பு வருது. வரக்கூடாது. சரி, மறுநாள் சொல்லியிருக்கலாம்ல?

— மறுநாள் சொல்லத்தான் போனேன். அது பேச ஆரம்பிச்சுடுச்சு. தீவுல ஒரு காடு விடாம ஏறி இறங்கிட்டாங்களாம். கூட்டுக்குள்ள கையை விட்டா முட்டை ஓடுகூட இல்லையாம். சில கூட்டுல பாம்பே சுருண்டு கெடந்துச்சாம். 'முதல்முதலா உங்க வீட்டுகிட்டதான் கேட்டோம்'னு சொல்லுது. சொல்லிட்டு அன்னிக்கு முழுக்க உக்காந்திருந்துச்சு. ஒண்ணும் கூவல. நீ கட்டிக் கொடுத்தியே சிவப்புச் சோறு, அதைப் பிரிக்கவே இல்ல. எறும்பு தின்னுச்சு.

— அதுக்காக?

— அதுக்கு அடுத்த நாள் ஒரே ஒரு தடவை ஊதினேன். பொண்ணு ரெண்டு பங்கு சாப்பிட்டுச்சு.

— என் சோத்தை அவ திங்கறதுக்காக நீ குருவியாயிட்ட.

— கிண்டல் பண்ணாதே.

— கிண்டலா? கோரோ, பேப்பர்ல உன் படம் வந்துச்சு. கழுத்துல பூமாலை. கீழ என்ன போட்டிருந்தான்? 'காட்டின் காவலர்'. என் தங்கச்சி அதை வெட்டி கண்ணாடிச் சட்டத்துல போட்டு மாதா படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கா. அந்தப் படத்தைப் பாத்தப்ப உனக்கு ஒண்ணும் பண்ணலயா?

— பண்ணுச்சு.

— என்ன பண்ணுச்சு?

— நல்லா இருந்துச்சு. …அப்படிப் பாக்காதே. வேலையை விட்டு வந்த நாள்லேருந்து என்னை யார் தேடினா, சொல்லு? கல்யாணத்துல கோழி மாதிரி கத்து, கெக்கோ பல்லி மாதிரி கத்துன்னு சின்னப் பசங்க கேப்பாங்க, அவ்வளவுதான். இந்தப் பொண்ணு 'பெரியவரே, இந்தப் பாதை எங்க போகுது, பெரியவரே, இந்த மரத்துப் பேரு என்ன'ன்னு கேக்குது. எழுதி வச்சுக்குது.

— போன ஞாயித்துக்கிழமை பூசையில ஃபாதர் அந்தக் குருவிக்காக ஜெபம் பண்ணுங்கன்னாரு. நான் முழங்கால் போட்டேன். பக்கத்துல நீயும் போட்ட. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு இருந்தியே, யாருக்காக ஜெபிச்ச?

— எனக்காகத்தான்.

— அட ராசா!

— மாட்டிக்கக் கூடாதுன்னு இல்ல லோலே. எப்படி நிறுத்தறதுன்னு. ஒவ்வொரு நாளும் 'இன்னியோட போதும்'னுதான் கிள்றேன்.

— என்னை விடு, ஊரை விடு. அடுப்படியில நின்னு அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன், அது உனக்குத் தெரியுமா? நம்ம பெரியவன் வயித்துல இருந்தப்ப கேட்டது. அப்புறம் பாம்பு வந்து எல்லாத்தையும் முழுங்கி, நம்ம கோழிக்குஞ்சை முழுங்கி, கரன்ட் கம்பியில தொங்கி ஊரையே இருட்டாக்கி, இந்தக் காட்டுல சிலந்திவலையைத் தவிர ஒண்ணும் இல்லன்னு ஆனப்புறம்… ஒரு காலையில கேக்குது. அரிசி களையற கையோட நின்னேன். உன்கிட்ட ஓடி வந்து சொன்னேன். நீ என்ன சொன்ன?

— 'அப்படியா'ன்னேன்.

— 'அப்படியா'ன்ன.

— லோலே, அது எப்படி இருந்துச்சு?

— எது?

— அந்தச் சத்தம். நான் ஊதறது. நெசமா அது மாதிரியே இருக்கா?

— ஏன், உனக்குத் தெரியாதா?

— எனக்கெங்க கேக்குது? விமானத் தளத்துல இன்ஜின் பக்கத்துல நின்னு நின்னு, ஊசிக்குரல் எதுவும் காதுக்கு எட்டி வருஷக்கணக்காச்சு. கொசு பாடறதுகூடக் கேக்காது. உதட்டுக்குத்தான் ஞாபகம் இருக்கு. இலை ஒரு மாதிரி துடிக்கும். அப்படித் துடிச்சா சரியா வருதுன்னு அர்த்தம்.

— …அதேதான் கோரோ. அச்சு அசல் அதேதான். அதான் இன்னும் எரியுது எனக்கு.

— சரி. நாளைக்குச் சொல்லிடறேன்.

— நாளைக்கு இல்ல. நம்ம ஊர்ல ஒருத்தனைத் திருடன்னு சொல்லு, குடிகாரன்னு சொல்லு, துடைச்சுக்கிட்டுப் போயிடுவான். வெக்கங்கெட்டவன்னு சொன்னா அவன் வீட்டுச் சாவுக்குக்கூட ஆள் போகாது. அந்தச் சொல்லை என் புருஷனுக்கு யாரும் சொல்றதுக்கு முன்னாடி, நீயே போய்ச் சொல்லிடு.

— வண்டிச் சத்தமா அது?

— அது மட்டும் கேக்குது பாரு. செல்மோதான். நல்லதாப் போச்சு, முதல்ல அவன்கிட்ட சொல்லு.

— உன் தம்பிகிட்டயா? அதுக்கு ஃபாதர்கிட்டயே சொல்லிடலாம்.

— அக்கா! காபி இருக்கா? அத்தான், நல்லவேளை இருக்கீங்க. எங்க வனத்துறை ஆபீஸ்லேருந்து நேரா வர்றேன். அதாவது, பெரிய அதிகாரி வாஷிங்டன்லேருந்து வர்றாரு. எதுக்குன்னு சொல்ல மாட்டேங்கறாங்க, எல்லன் வாயே திறக்க மாட்டேங்கறா. ஆனா முதல்ல உங்களைத்தான் பாக்கணுமாம். அந்தக் கோடு போட்ட சட்டை இருக்கில்ல, அதை…

— செல்மோ, உக்காரு. உங்கத்தான் ஒண்ணு சொல்லணும்கறாரு.

— சொல்லுங்க அத்தான்.

— காபி குடிச்சுட்டுப் பேசலாமே.

— கோரோ.

— செல்மோ, தம்பி… கேளேன். குருவி இல்ல.

— எங்க இல்ல? இன்னிக்குக் கூவலயா? அதனால என்ன, மழை வர மாதிரி இருந்தா கூவாது.

— எங்கயும் இல்ல. நான்தான்.

— நீங்கதான் என்ன?

— கூவினது.

— விளையாடாதீங்க அத்தான். கல்யாண வீட்டுல பண்ற மாதிரி.

— அக்காளைக் கேளு.

— என்னைப் பாக்காதே செல்மோ. நான் இன்னிக்குக் காலையிலதான் பாத்தேன்.

— ஊதுங்க.

— வேண்டாம் தம்பி.

— ஊதிக் காட்டுங்கன்னேன். …போதும். போதும், நிறுத்துங்க.

— தம்பி, உக்காரு. நிக்காதே.

— அதாவது… ஆரம்பத்துலேருந்தா? எல்லாமா?

— எல்லாம்.

— அக்கா, இந்தக் காபியை எடுத்துக்க. என்னால முடியாது. …அத்தான், நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. வலை எங்க கட்டலாம்னு எல்லன் கேட்டப்ப, கூவறதுக்குத்தான் இங்க வருது, அடையறது அந்தப் பள்ளத்துலன்னு கை காட்டினது யாரு?

— நான்தான்.

— எதுக்கு?

— தொழுவத்துப் பக்கம் வலை கட்டினா, நான் பின்னாடி நிக்கறது தெரிஞ்சுடுமேன்னு.

— வடக்குக் குன்று மேல ஒண்ணு கூவுச்சு அத்தான். தவக்காலத்துக்கு முன்னாடி. நான் என் காதால கேட்டேன், ஒரே ஒரு ஆண் குருவி. அதைப் பிடிச்சுக் கூண்டுல வச்சுக் காப்பாத்தினா, எங்கயாவது பெட்டை ஒண்ணு கிடைக்கும், வம்சம் மிஞ்சும்னு காலைப் பிடிக்காத குறையா கேட்டேன். வலை கொடுங்க, நாலு ஆள் கொடுங்கன்னு. 'உங்கத்தான் வீட்டுகிட்ட நிச்சயமா இருக்கு செல்மோ, முதல்ல அது, அப்புறம் உன்னுது'ன்னாங்க. எல்லா வலையும் இங்க. எல்லா ஆளும் இங்க. நானும் இங்க! உங்களுக்குக் குடை பிடிச்சுக்கிட்டு!

— தெரியாது தம்பி. நீ சொல்லவே இல்லயே.

— எப்படிச் சொல்வேன்? உங்க குருவிக்குப் போட்டியா என் குருவின்னு சொல்றதா? அப்புறம் நானே ஒரு ஞாயித்துக்கிழமை தனியா குன்று ஏறினேன். சத்தமே இல்ல. அடுத்த வாரமும் ஏறினேன். பாம்பு தின்னுடுச்சுன்னு நெனச்சு இறங்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லல.

— செல்மோ, தண்ணியாவது குடி.

— இன்னொண்ணு இருக்கு அக்கா. முதல் நாளே எங்க ஆபீஸ்ல ஒருத்தன் கேட்டான், 'இந்த ஊர்க்காரங்க சொல்றதை நம்பலாமா'ன்னு. என் முன்னாடியே கேட்டான். நான் சொன்னேன்: 'எங்க ஆளுங்க பாம்பைக் கொண்டாரல, போர் முடிஞ்சு உங்க கப்பல்தான் கொண்டாந்துச்சு. எங்க ஆளுங்க குருவியைப் பத்திப் பொய் சொல்ல மாட்டாங்க.' மேஜையைத் தட்டிச் சொன்னேன். அவன் என்கிட்ட மன்னிப்புக் கேட்டான். அவன் மன்னிப்புக் கேட்டான் அத்தான்.

— வா தம்பி. பள்ளத்துக்குப் போவோம். நானே அந்தப் பொண்ணுகிட்ட சொல்றேன். நீ பக்கத்துல நிக்கக்கூட வேண்டாம்.

— நான் வராம எப்படி? உங்களை நல்லவர்னு சொன்ன வாய் என்னுது.

— கோரோ, நானும் வரட்டுமா?

— வேண்டாம் லோலே. நீ இருந்தா நான் பாதியில வேடிக்கை காட்டிச் சிரிக்க வச்சுடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

— சட்டையாவது மாத்திக்கிட்டுப் போ.

— இதே போதும்.

— காட்டுக்குள்ள காலை வைக்கறதுக்கு முன்னாடி அங்க ஆவியா இருக்கிற நம்ம பெரியவங்ககிட்ட உத்தரவு கேட்டுட்டுப் போ. இத்தனை நாள் கேட்டியோ என்னமோ.

— கேக்கல. வாய் வரல.

\*

— என்ன இவ்வளவு நேரம்? சூரியன் உச்சிக்கு வந்தாச்சு. என்ன சொன்னா? கோரோ? செல்மோ, இவருக்கு என்ன ஆச்சு, முகம் இப்படி வெளுத்துக் கெடக்கு? அடிச்சாங்களா?

— யாரும் அடிக்கல அக்கா. அவரை உக்கார விடு.

— திட்டினாளா அந்தப் பொண்ணு?

— திட்டல. அத்தான் சொல்லி முடிக்கற வரைக்கும் குறுக்க பேசல. நல்லாத்தான் சொன்னாரு, ஒண்ணையும் மறைக்கல. இலையைக்கூட எடுத்துக் காட்டினாரு. அவ கீழ பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் கேட்டா: 'சரி பெரியவரே, ஒண்ணு நீங்க. இன்னொண்ணு யாரு?'

— இன்னொண்ணா?

— அதாவது, நம்ம கேட்டுகிட்ட ஈரப்பலா மரத்துல ஒலிப்பதிவுப் பெட்டி கட்டி வச்சிருக்காங்கல்ல, அந்த டேப்புல ரெண்டு குரல் இருக்கு அக்கா. ரெண்டு குருவி, ஜோடின்னு நெனச்சுட்டாங்க. வெளிய தெரிஞ்சா ஊர் கூடிடும், குருவி பயந்துடும்னு என்கிட்டகூடச் சொல்லாம வச்சிருந்தாங்க. அந்தப் பெரிய அதிகாரி வர்றதே அதுக்குத்தான்.

— இரு. இரு, எனக்குப் புரியல. இவர்தானே ஊதினாரு? ரெண்டும் இவர்தானே?

— காதுல மாட்டிக் கேட்டேன். ஒண்ணு அத்தான்தான். ஊதி முடிச்சதும் மூச்சு வாங்கறது தெளிவாக் கேக்குது, மூட்டை சுமந்தவன் மாதிரி. அதை எல்லன் ஏதோ காத்துச் சத்தம்னு நெனச்சிருக்கா. அவர் மூச்சு வாங்கும்போதே, அதுக்கு மேல, இன்னொண்ணு கூவுது. ஒரு மனுஷன் மூச்சும் வாங்கிக் கூவவும் முடியாதே அக்கா.

— அப்ப… மாதாவே! அப்ப நெசமாவே இருக்கா?

— குன்று மேலேருந்த அந்த ஆண் குருவிதான். எனக்குச் சந்தேகமே இல்ல. பாம்பு தின்னுடுச்சுன்னு நான் நெனச்சது… அது இவர் குரலைக் கேட்டு இறங்கி வந்திருக்கு. தன் இனம்னு நெனச்சு.

— நான் அடுப்படியில நின்னு அழுதேனே, அது எது? அது இவரா, அதுவா?

— அது யாருக்குத் தெரியும் அக்கா?

— பைத்தியக்காரா, அப்ப ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க ரெண்டு பேரும்! குருவி இருக்கு! கோரோ, கேக்குதா? நீ பொய் சொல்லல! சொன்ன, ஆனா இருக்கு! பள்ளத்துல இருக்கிற வலையை எல்லாம் தூக்கிட்டு வந்து தொழுவத்துக்குப் பின்னாடி கட்டச் சொல்லு, நீ நின்னு ஊது, வந்து உக்காந்துடும். செல்மோ, சொல்லேன் இவருக்கு!

— அத்தான், நீங்களே சொல்லுங்க. என்னால முடியல.

— லோலே.

— சொல்லு.

— காதுல மாட்டினாங்க. எனக்கு ஒண்ணும் கேக்கல. நான் ஊதினதும் கேக்கல, அதுவும் கேக்கல. அந்தப் பொண்ணு பாத்துட்டு, டேப்புப் பெட்டியை என் மடியில வச்சுது. அதுல ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குள்ள ஒரு முள். சத்தம் வந்தா துள்ளும். 'இதைப் பாருங்க பெரியவரே'ன்னுச்சு.

— சரி, அப்புறம்?

— துள்ளுச்சு. 'இது நீங்க'ன்னு செல்மோ சொன்னான். முள் படுத்துச்சு. நான் நிறுத்திட்டேன்ல, அதான். படுத்த முள் மறுபடி லேசா எழும்புச்சு. அது நான் இல்ல. எனக்கு வந்த பதில். அத்தனை நாளும் எனக்குப் பதில் வந்துக்கிட்டே இருந்திருக்கு லோலே. நான் இலையைத் துப்பிட்டு, காபி குடிக்க உள்ள வந்திருக்கேன்.

— அழாதே. கோரோ, அழாதேயேன்.

— ஒவ்வொரு டேப்பா போட்டுது பொண்ணு. ஒவ்வொண்ணுக்கும் அந்தப் பதில் முள் இன்னும் கொஞ்சம் உசரமா எழும்புது. கிட்ட வருதுன்னான் உன் தம்பி. கேட்டைத் தாண்டி வந்திருக்கு. வலையெல்லாம் நான் காட்டின பள்ளத்துல. இந்தப் பக்கம் கோழிக்கூண்டு, தொழுவம், ராத்திரியானா எத்தனை பாம்பு அங்க நெளியும்னு உனக்கே தெரியும். அங்கதான் வந்திருக்கு. ஒரு டேப்புல முள் கண்ணாடி ஓரத்துக்கே போயிடுச்சு. என் தலைக்கு மேல கிளையில உக்காந்திருக்கும்.

— கடைசி டேப்பு? இந்த வாரத்துது?

— அதையும் போட்டுது.

— அதுல?

— நான் நிறுத்தின இடத்துல முள் எழும்பவே இல்ல லோலே.